மூன்று டியூப், ஒரே படம்: வாசகர் கேள்வி-பதில்

சோனி, பார்கோ, என்.ஈ.சி., எலக்ட்ரோஹோம் போன்ற நிறுவனங்கள் 1980-களிலும் 90-களிலும் செய்த சி.ஆர்.டி. (பிக்சர் டியூப்) புரொஜெக்டர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பிக்சர் டியூப், மூன்று லென்ஸ். மூன்று படமும் திரையில் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். டியூபின் ஆனோடில் (ஹை வோல்டேஜ் முனையில்) 30,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் மெஷின் இது. மூடியைத் திறந்து செய்யும் வேலைகள் டி.வி. ரிப்பேர் பழகிய கைகளுக்கு மட்டும்.

கேள்வி: ஒரு ஹோட்டல் மீட்டிங் ஹாலைக் காலி செய்கிறார்கள். அங்கே இருந்த சோனி 1270 புரொஜெக்டர் விலைக்கு வந்திருக்கிறது. பல வருடமாக ஓடவில்லையாம். எதைப் பார்த்து வாங்குவது?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

டியூபைப் பார்த்து வாங்குங்கள். போர்டு, ஃபேன், பவர் சப்ளை எல்லாம் சரிசெய்யக் கூடியவை. தேய்ந்த 7 அங்குல டியூபுக்கு மாற்று கிடைப்பது கஷ்டம்.

மெஷினை ஆன் செய்யாமலே லென்ஸ் வழியாக டார்ச் அடித்து டியூபின் முகத்தைப் பாருங்கள். ஒளிரும் பாஸ்பர் பூச்சு முழுக்க ஒரே நிறமாக இருந்தால் நல்ல டியூப். நடுவில் செவ்வகமாகப் பழுப்பேறி, சுற்றிலும் வெளிறிய சட்டம் தெரிந்தால் நிறைய உழைத்திருக்கிறது. அந்தப் பழுப்பு மெல்லியதாக, சீராக இருந்தால் பரவாயில்லை, படம் ஓடும்போது கண்ணில் படாது. கம்ப்யூட்டர் மெனுவின் கோடோ எழுத்தோ அப்படியே படிந்திருந்தால் வாங்காதீர்கள். மூன்று டியூபையும் தனித்தனியே பாருங்கள்; நீலமும் பச்சையும்தான் பெரும்பாலும் முதலில் தேயும். மெஷின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். போர்டு மாற்றியிருந்தால் அந்தக் கணக்கும் மாறியிருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ப்ளக்கைச் சொருகிவிடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுங்கள், முக்கியமாக ஆனோடு கேப்பைச் சுற்றி. நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தத் தூசி வழியாகத்தான் ஹை வோல்டேஜ் கசியும். கனெக்டர்களை ஒருமுறை கழற்றி மாட்டினால் துரு விட்டுப்போகும். தலை உப்பிய கெபாசிட்டர் இருந்தால் 105 டிகிரி சூடு தாங்கும் ரகத்தில், அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றுக் கூடுதல் வோல்ட்டில் மாற்றுங்கள். டியூபுக்கு அடியில் பிசுபிசுப்பாக ஏதாவது தட்டுப்பட்டால் கூலண்ட் (டியூபைக் குளிர வைக்கும் திரவம்) கசிந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கரண்ட் கொடுக்கவே கூடாது.

முதல் தடவை இருட்டறையில், பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் இரண்டையும் அடிமட்டத்தில் வைத்து ஆன் செய்யுங்கள். ஆனோடில் ஒரு நொடி ‘கிர்’ரென்று கேட்பது இயல்பு. தொடர்ந்து படபடத்தாலோ ஓசோன் வாடை வந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். சத்தம் இல்லையென்றால் அரை மணி நேரம் படமில்லாமல் ஹீட்டர் மட்டும் சூடேறட்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது எலக்ட்ரோஹோம் மார்க்கீ 9500எல்.சி. வெள்ளை எழுத்தைச் சுற்றிப் புகை மாதிரி ஒளிவட்டம் வருகிறது. லென்ஸை எத்தனை முறை துடைத்தாலும் போகவில்லை.
— ஒரு வாசகி, டொரான்டோ

லென்ஸின் வெளிப்புறத்தில் கோளாறு இல்லை, கூலண்டில் இருக்கிறது. உங்கள் மெஷின் பெயரில் உள்ள ‘எல்.சி.’, டியூப் முகத்துக்கும் லென்ஸின் கடைசிக் கண்ணாடிக்கும் நடுவே திரவம் நிரம்பியிருப்பதைக் குறிக்கிறது. டியூபைக் குளிர வைப்பதோடு, நடுவில் காற்று இல்லாததால் கண்ணாடிப் பரப்புகளில் வெளிச்சம் சிதறாமலும் அது பார்த்துக்கொள்கிறது. வருடங்கள் ஆக ஆக அதில் பூஞ்சை பிடிக்கும், பாலாடை மிதப்பது போலத் தெரியும். கான்ட்ராஸ்டைக் கொல்வது இதுதான்.

மாற்றுக் கலவையை நீங்களே தயாரிக்கலாம்: 80 பங்கு எத்திலீன் கிளைகால், 20 பங்கு கிளிசரின். இரண்டும் 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமான லேப் கிரேடாக இருக்கட்டும். மூன்று டியூபுக்கும் 1,600 மில்லி கிளைகால், 400 மில்லி கிளிசரின் கலந்து வைத்துக்கொண்டு, டியூபிலிருந்து வடிப்பதை அளந்து, போதாவிட்டால் அதே விகிதத்தில் இன்னும் கலந்துகொள்ளுங்கள். கிளிசரின் எதற்கென்றால், கிளைகாலின் ஒளிவிலகல் எண் 1.43, கிளிசரினுடையது 1.47, கண்ணாடியுடையது 1.5 அளவில். கிளிசரின் சேர்ந்தால் கலவை கண்ணாடியை நெருங்கிவிடும், பிரதிபலிப்பு குறையும். கார் ரேடியேட்டர் கூலண்டை ஊற்றவே ஊற்றாதீர்கள். அதில் சாயமும் துருத் தடுப்பு ரசாயனமும் இருக்கின்றன.

கலவையை மூடிவைத்து ஒரு நாள் விட்டால் குமிழ்கள் அடங்கிவிடும். டியூபைக் கழற்றி, பழைய திரவத்தை வடித்து, லென்ஸின் கடைசிக் கண்ணாடியை ஸ்க்ரூக்களைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுங்கள். இந்த எலிமென்ட் பல மெஷின்களில் பிளாஸ்டிக், சிலவற்றில் நிறம் ஏற்றியதும்கூட. அதனால் தின்னர், அசிட்டோன் பக்கமே போகக் கூடாது. டிஸ்டில்ட் வாட்டரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, நூல் உதிராத துணி, கடைசியில் வெறும் டிஸ்டில்ட் வாட்டர். ஒரு சொட்டு ஈரம்கூடத் தங்காமல் காய வேண்டும். ரப்பர் கேஸ்கெட் தட்டையாகிப்போயிருந்தால் புதிது போடுங்கள்.

ஊற்றும்போது சுவரோரமாக மெதுவாக ஊற்றுங்கள். முடித்ததும் டிஷ்யூ பேப்பர் மேல் 24 மணி நேரம் நிறுத்தி வையுங்கள். பேப்பர் உலர்வாக இருந்தால்தான் டியூப் மெஷினுக்குள் போகலாம். கிளைகால் போர்டில் சொட்டினால் தாமிரத் தடங்களை அரித்துவிடும், ஹை வோல்டேஜ் பகுதியில் சொட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். இன்னொன்று: எத்திலீன் கிளைகால் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாயும் நெருங்காத இடத்தில் வேலை செய்யுங்கள்.

உங்கள் மெஷின் பிறந்த கிச்சனர் நகரம் உங்களிடமிருந்து ரொம்ப தூரமில்லை. எலக்ட்ரோஹோம் அங்கேதான் இருந்தது. ஒன்டாரியோவில் பழைய ஸ்பேர் மெஷின் கிடைக்க மற்ற ஊர்களைவிட வாய்ப்பு அதிகம்.

கேள்வி: எவ்வளவு நேரம் கன்வர்ஜென்ஸ் (மூன்று நிறப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவது) வைத்தாலும் மூலைகளில் சிவப்பும் நீலமும் விலகி நிற்கின்றன. கன்ட்ரோல் எல்லாம் கடைசி எல்லைக்குப் போய்விட்டது.
— ஒரு வாசகர், சென்னை

கன்ட்ரோல் எல்லையில் முட்டுகிறது என்றால் மெஷின் நிற்கும் இடமே தப்பு. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு அளக்கும் டேப்பை எடுங்கள்.

பச்சை லென்ஸ் திரையின் நடுக்கோட்டுக்கு நேரே இருக்க வேண்டும். மெஷினின் இரண்டு பக்கத்திலிருந்தும் திரைக்கு உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்; ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்கூட மூலையில் தெரியும். தூரம் உங்கள் திரை அகலத்துக்கு மேனுவலில் கொடுத்திருக்கும் அளவாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த லென்ஸ்களில் ஜூம் கிடையாது. சிவப்பு, நீல டியூப்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைத் திரை அளவுக்கேற்ப மாற்ற மெஷினில் குறிகள் இருக்கும், அதையும் சரிபாருங்கள். சிவப்பு, நீலப் படத்தைத் திரை நடுவுக்குக் கொண்டுவருவது இந்தச் சாய்வின் வேலை. சென்டரிங் கன்ட்ரோலால் படத்தை இழுத்தால் டியூப் முகத்தில் ராஸ்டர் (ஒளிரும் செவ்வகம்) ஒரு பக்கம் ஒதுங்கும், பாஸ்பரும் கோணலாகத் தேயும். லென்ஸ் வழியாகப் பார்த்தால் ராஸ்டர் டியூபின் நட்டநடுவில் தெரிய வேண்டும்.

அடுத்து லென்ஸ் ஃபோகஸ். லென்ஸில் இரண்டு திருகு இருக்கும், ஒன்று நடுவுக்கு, ஒன்று ஓரத்துக்கு. ஒன்றைத் தொட்டால் மற்றதையும் மறுபடி பார்க்க வேண்டும். பிறகு எலக்ட்ரானிக் ஃபோகஸ். புள்ளி பேட்டர்ன் போட்டு ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் உருண்டையாக விரிந்து, பிரகாசமான கரு நடுவில் இருக்க வேண்டும். கரு ஒதுங்கியிருந்தால் டியூப் கழுத்திலுள்ள 2-போல் (இரு துருவ) காந்தத்தையும், புள்ளி நீள்வட்டமானால் 4-போல் காந்தத்தையும் திருப்பிச் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் கன்வர்ஜென்ஸுக்குப் போனால், தடித்த கோடுகளை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டிருப்பீர்கள்.

மெஷின் ஒரு மணி நேரமாவது சூடேறியிருக்க வேண்டும். கட்டக் கோடு பேட்டர்ன் போட்டு, பச்சையை மட்டும் எரியவிட்டு அளவு, நேர்த்தன்மை, வளைவு, கீஸ்டோன் (ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகும் கோணல்) எல்லாவற்றையும் முடியுங்கள். அதன் பிறகு பச்சையைத் தொடவே கூடாது. சிவப்பைச் சேர்த்து நடுவிலிருந்து ஓரத்துக்கு, கடைசியில் மூலைக்கு வாருங்கள். இரண்டும் சரியாகச் சேர்ந்த இடத்தில் கோடு சுத்த மஞ்சளாகும், விளிம்பில் சிவப்பு எட்டிப் பார்க்காது. சிவப்பை அணைத்து நீலத்தைப் போட்டால் கோடு முழுக்க நீலப்பச்சையாக வேண்டும். இத்தனையும் கான்ட்ராஸ்டைக் குறைத்து வைத்துச் செய்யுங்கள், கட்டக் கோடு டியூபில் படிந்துவிடக் கூடாது.

திரையையும் கவனியுங்கள். மூன்று வண்ணமும் மூன்று கோணத்தில் வருவதால் ஹை-கெய்ன் (வெளிச்சத்தை ஒரு திசையில் குவித்துத் திருப்பும்) திரையில் ஒரு பக்கம் சிவந்தும் மறுபக்கம் நீலம் பாய்ந்தும் தெரியும். 1.0 முதல் 1.3 வரை கெய்ன் உள்ள மேட் வெள்ளைத் திரை போதும்.

கேள்வி: பழைய ரியர் புரொஜெக்ஷன் டி.வி. ஒன்று வைத்திருக்கிறேன். திடீரென்று நீலக் கோடுகள் மட்டும் வில் மாதிரி வளைந்துவிட்டன.
— ஒரு வாசகர், மதுரை

கன்வர்ஜென்ஸ் ஐ.சி. போயிருக்கிறது. பெட்டிக்குள் இருப்பதும் அதே மூன்று டியூப் ஏற்பாடுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் நெடுக்கு, கிடை என மொத்தம் ஆறு சேனல், எஸ்.டி.கே. 392-110 போன்ற மூன்று சேனல் ஐ.சி. இரண்டு அதை ஓட்டும். ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே வயது, ஒரே சூட்டில் உழைத்தவை.

கைவைக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பில் பிடித்து அதன் இரு முனைக்கும் குறுக்கே சில நொடி வைத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொடுங்கள். ஆனோடு கேப்பைக் கழற்ற வேண்டியிருந்தால் அதையும் டியூபின் எர்த்துக்கு டிஸ்சார்ஜ் செய்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை செய்யுங்கள். டியூப் கண்ணாடியே கெபாசிட்டராக இருப்பதால் சார்ஜ் திரும்ப ஏறும்.

பழைய ஐ.சி.யை எடுத்ததும், அதன் அவுட்புட்டில் உள்ள சில ஓம் மதிப்புள்ள ரெசிஸ்டர்களை மீட்டரில் பாருங்கள். ஐ.சி. ஷார்ட் ஆகும்போது அவையும் ஓப்பன் ஆகும். இதைப் பார்க்காமல் புது ஐ.சி. மட்டும் போட்டுவிட்டு ‘ஐ.சி. சரியில்லை’ என்று சொல்பவர்கள் அதிகம். ஹீட் சிங்க்கின் பழைய பேஸ்ட்டை முழுக்கச் சுரண்டி, புதிதாக மெல்லிய பூச்சு போட்டு, ஸ்க்ரூவை இறுக்கிய பிறகே கால்களை சால்டர் செய்யுங்கள். வரிசையை மாற்றினால் கால்களில் இழுவிசை தங்கி, சூட்டில் சால்டர் விரிசல் விடும். சென்னை ரிச்சி தெரு முதல் ஆன்லைன் வரை போலி ஐ.சி. நிறையப் புழங்குகிறது, பேக்கிங்கையும் அச்செழுத்தையும் பார்த்து, திரும்ப வாங்கிக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்.

கேள்வி: படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை நடுவில் ஒரே ஒரு கிடைக்கோடாகச் சுருங்கிவிட்டது. அணைத்துவிட்டேன்.
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

அணைத்தது சரி. வெர்டிகல் டிஃப்ளெக்ஷன் (எலக்ட்ரான் கற்றையை மேலும் கீழும் நகர்த்துவது) நின்றதால் மொத்தக் கற்றையும் ஒரே கோட்டில் பாய்ந்தது. சில நொடியில் பாஸ்பர் கருகிவிடும். பாதுகாப்பு சர்க்யூட் இருந்தாலும் அதை நம்பி மறுபடி ஆன் செய்து பார்க்காதீர்கள். மூன்று நிறமும் சுருங்கியிருந்தால் வெர்டிகல் போர்டின் சப்ளையையும் அவுட்புட் ஐ.சி.யையும் பாருங்கள். ஒரு நிறம் மட்டும் என்றால் அந்த டியூபின் யோக் (கற்றையைத் திருப்பும் காயில்) கனெக்டர் கழன்றிருக்கலாம், அல்லது அதன் சால்டர் விரிசல் விட்டிருக்கலாம்.

கேள்வி: ஹெச்.டி.எம்.ஐ. கன்வெர்ட்டர் வழியாக 1080பி கொடுத்தால் படம் மழுங்கலாகவும் கண் கூசும் வெளிச்சமாகவும் இருக்கிறது. என்ன ரெசல்யூஷன் கொடுப்பது?
— ஒரு வாசகர், திருச்சி

இரண்டும் வேறு வேறு கோளாறு. கண் கூசுவதற்கு இன்புட்டில் 75 ஓம் டெர்மினேஷன் ஸ்விட்ச்சைப் பாருங்கள். அது ஆஃபில் இருந்தால் 0.7 வோல்ட்டாக வர வேண்டிய சிக்னல் ஏறக்குறைய 1.4 வோல்ட்டாகிவிடும், நிழல் உருவமும் சேர்ந்து வரும். கருப்பு வெளிறினாலோ இருண்ட பகுதிகளில் விவரம் தெரியாமல் போனாலோ கன்வெர்ட்டர் 16–235 (வீடியோ) ரேஞ்சில் அனுப்புகிறதா, 0–255 (கம்ப்யூட்டர்) ரேஞ்சிலா என்று பார்த்து மாற்றுங்கள்.

மழுங்கலுக்குக் காரணம், உங்களுடையது 7 அங்குல மெஷின் என்றால், டியூபின் அளவு. 60 ஹெர்ட்ஸ் 1080பி-க்கு 67.5 கிலோஹெர்ட்ஸ் ஸ்கேன் (நொடிக்கு 67,500 கிடைக்கோடு) வேண்டும். 7 அங்குல டியூப் அதைப் பிடித்தாலும் அதன் புள்ளி தடிமனானது, கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். 45 கிலோஹெர்ட்ஸில் ஓடும் 720பி அதே மெஷினில் இன்னும் கூர்மையாகத் தெரியும். 8, 9 அங்குல மெஷின் வைத்திருப்பவர்கள், ஸ்கேன் 81 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் போகும் என்றால், சினிமாவுக்கு 72 ஹெர்ட்ஸில் 1080பி கொடுத்துப் பாருங்கள். 24 ஃபிரேமுக்கு அது சரியாக மூன்று மடங்கு, கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் உதறாது.