கண்ணாடிப் பெட்டிக்குள் பனங்கன்று வளருமா?

மட்டக்களப்பு கல்லடியில் வாடகை வீடு, முற்றம் இல்லை, மீன் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது, அதில் பனங்கொட்டை முளைக்க வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முளைக்கும், ஆனால் நிலைக்காது. பனை முதலில் மேலே வராது. கொட்டையிலிருந்து முளை நேரே கீழே இறங்கி, மண்ணுக்குள் கிழங்கு வைத்து, மாதங்கள் கழித்துத்தான் முதல் ஓலையை நீட்டும். நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கின் நீளத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கு உங்கள் தொட்டியில் ஆழம் ஏது? வெயிலும் போதாது.

தொட்டிக்குப் பொருத்தம் பார்லர் பாம் என்ற, பனைக் குடும்பத்துச் சின்னச் செடி. மெக்சிக்கோ, குவாத்தமாலா காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் மெதுவாக வளர்வது அது. அடியில் கூழாங்கல், கொஞ்சம் சிரட்டைக்கரி, மேலே தும்புச்சோறு (தேங்காய் நார்த்தூள்) கலந்த மண். கடற்கரை மணலை அள்ளிப் போடாதீர்கள், உப்பு. மூடியை அடிக்கடி திறந்து விடுங்கள். நேர் வெயில் பட்டால் மட்டக்களப்புச் சூட்டில் கன்று உள்ளேயே அவிந்துவிடும்.