விண்டோவை மூடியும் மெமரி இறங்கவில்லையா?

கேள்வி: சி ஷார்ப்பில், விண்டோஸ் ஃபார்ம்ஸ் கொண்டு ஒரு மென்பொருள் எழுதியிருக்கிறேன். வாடிக்கையாளர் விவர விண்டோவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மெமரி ஏறுகிறது, இறங்குவதே இல்லை. பயன்படாத மெமரியைத் தானாக விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் இருந்தும் ஏன் இப்படி?

பதில்: எதுவும் பிடித்துவைத்திராத ஆப்ஜெக்டைத்தான் கார்பேஜ் கலெக்டர் அகற்றும். உங்கள் விண்டோவை ஏதோ ஒன்று விடாமல் பிடித்திருக்கிறது. முதலில் ஈவென்ட்களை (ஏதாவது நடந்ததும் இணைத்த மெத்தடுகளை அழைப்பவை) சந்தேகப்படுங்கள். ஸ்டாட்டிக் ஈவென்ட் ஒன்றில் விண்டோவின் மெத்தடை += போட்டு இணைத்தால், அந்த ஈவென்ட் விண்டோவையே பிடித்துக்கொள்ளும். அதிலுள்ள கிரிட், ஏற்றிய டேட்டா எல்லாம் கூடவே தங்கிவிடும். ஃபார்ம்குளோஸ்டில் -= போட்டுவிடுங்கள். லாம்டாவாக (பெயரில்லாமல் அங்கேயே எழுதும் மெத்தட்) இணைத்திருந்தால், அதே வரியை மறுபடி எழுதி -= போடுவது பலிக்காது; தனி மெத்தடாக எழுதுங்கள்.

ஊகிப்பதைவிடப் பார்த்துவிடுவது நல்லது. ரிலீஸ் பில்டில், விஷுவல் ஸ்டூடியோவின் ஆல்ட்+எஃப்2 அழுத்தி மெமரி யூசேஜைத் தேர்ந்தெடுங்கள். விண்டோவை ஒருமுறை திறந்து மூடிய பிறகே முதல் ஸ்னாப்ஷாட் (மெமரியின் அந்நேர நிலைப் பதிவு) எடுங்கள். முதல் தடவை ஏறுவதெல்லாம் லீக் (விடுபடாமல் தங்கும் மெமரி) அல்ல. பிறகு 10 முறை திறந்து மூடி, இரண்டாவது ஸ்னாப்ஷாட் எடுத்து ஒப்பிடுங்கள். உங்கள் ஃபார்ம் (அந்த விண்டோ) கிளாஸின் எண்ணிக்கை 10 கூடியிருந்தால் லீக் உறுதி. அந்த வரியைத் தேர்ந்தெடுத்து ‘பாத்ஸ் டு ரூட்’ பாருங்கள். பிடித்திருப்பது எது என்று அங்கே பெயரோடு தெரியும்.

எண்ணிக்கை கூடவில்லை, டாஸ்க் மேனேஜரில் மட்டும் மெமரி குறையவில்லை என்றால் பதற வேண்டாம். விடுவித்த இடத்தைக் கலெக்டர் அடுத்த தேவைக்கென வைத்துக்கொள்வதுண்டு. ஆனால் அங்கேயே ‘ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்’ (விண்டோஸ் திரையில் வரையப் பயன்படுத்துபவை) என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். பிட்மேப்பின் கெட்ஹெச்பிட்மேப் கொண்டு வாங்கிய ஹேண்டிலை டெலீட்ஆப்ஜெக்ட் கொண்டு விடுவிக்காவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும். ஒரு பிராசஸுக்கு வழக்கமான வரம்பு 10,000. அதைத் தொட்டால், மெமரி எவ்வளவு மீதமிருந்தாலும் திரையில் வரைவது நின்றுவிடும். ஷோடயலாக் கொண்டு திறந்த ஃபார்மும் மூடியதும் தானாக டிஸ்போஸ் ஆகாது, அதாவது பிடித்த வளங்களை விடாது. முடிந்ததும் தானே டிஸ்போஸ் செய்யும் யூசிங் பிளாக்குக்குள் உருவாக்குங்கள்.

கேள்வி: டெல்ஃபியில், மென்பொருள் முடியும்போது லீக்குகளைக் காட்டும் ரிப்போர்ட்மெமரிலீக்ஸ்ஆன்ஷட்டவுனை ட்ரூ என்று வைத்தும் எந்த லீக்கும் காட்டவில்லை. ஆனால் மெமரி ஏறுகிறதே?

பதில்: ஃபார்மை அப்ளிகேஷனை ஓனராகக் கொடுத்து கிரியேட் செய்கிறீர்களா? அப்படியானால் மூடிய ஃபார்ம் ஒளிந்துதான் இருக்கும். மென்பொருள் முடியும்போது ஓனர் எல்லாவற்றையும் விடுவித்துவிடுவதால் அறிக்கை சுத்தமாக வரும். ஆன்குளோஸில் ஆக்‌ஷனுக்கு சிஏஃப்ரீ கொடுங்கள். ஷோமோடல் என்றால் டிரை–ஃபைனலியில் ஃப்ரீ போதும்.