தந்தையிடம் கேட்ட கேள்விக்கு மகள் சொன்ன பதில்

கேள்வி: எனக்கு 41 வயது. 74 வயதான என் தந்தை, தாயின் மறைவுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகளாக எங்களுடன் இருக்கிறார். கணக்குத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நாள் முழுவதும் பேசாமல் அமர்ந்திருக்கிறார். எதைக் கேட்டாலும் “உன் விருப்பம்” என்கிறார். சென்ற மாதம் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். தூக்கம் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டபோது, அப்பா பதில் சொல்ல நேரமாகும் என்பதால் வழக்கம்போல நானே சொல்லிவிட்டேன். மறதி நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை என்றார் மருத்துவர். 15 வயது மகனுக்கு எந்தப் பாடப்பிரிவு என்பதை நாங்களே முடிவு செய்து கொடுத்துவிட்டோம். ஆனாலும் அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். மூன்று வயது மகள் எதற்கெடுத்தாலும் அடம் பிடிக்கிறாள். ஒருவருக்கும் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. மூன்று தலைமுறைக்கும் உழைத்துக் களைத்துவிட்டேன். முதுமை என்றாலே இப்படித்தானா? நான் எங்கே தவறினேன்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, பேசாத முதியவரும் கதவைச் சாத்தும் பிள்ளையும் களைத்துப்போன நடுவயதினரும் இடம்பெறும் கடிதங்கள் பல ஆண்டுகளாக எனக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் எதிர்பார்த்த ஆறுதலை நானும் எழுதியிருக்கிறேன். அதனால் யாருடைய வீட்டிலும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. ஆகவே உங்களுக்கு அதை எழுதப்போவதில்லை. மருத்துவரின் அறையில் நடந்ததாக நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த ஒரு வரியிலேயே உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றி மருத்துவர் கேட்டது உங்கள் தந்தையிடம். இரவில் விழித்துக் கிடப்பவர் அவர்; விழித்துக் கிடக்கும்போது மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை அறிந்தவரும் அவர் ஒருவரே. மனைவியை இழந்து இரண்டு ஆண்டுகள் ஆன ஒரு மனிதர் தம் இரவுகளைப் பற்றி என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அவருக்கு வாய்த்திருந்த அந்த ஒரே சந்தர்ப்பத்தை, நேரமாகும் என்ற காரணத்துக்காக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். மருத்துவர் உங்கள் பதிலைக் குறித்துக்கொண்டிருப்பார். அவருடைய முடிவுகளும் அதை ஒட்டியே அமைந்திருக்கும். நீங்கள் இதை உதவி என்கிறீர்கள். அமர்ந்திருக்கும் மனிதரை அங்கேயே இல்லாதவராக்கிய செயல் என்று நான் சொல்கிறேன். அதை “வழக்கம்போல” செய்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான் என்னை அதிகம் கவலைகொள்ள வைக்கிறது. இந்தக் கடிதத்தை நீங்கள் எழுதுவதாவது அவருக்குத் தெரியுமா?

நேரமாகும் என்பது உண்மைதான். கேட்டதை உள்வாங்கி, நினைவில் தேடி, சொல்லாக்கி வெளியிடும் வேகம் இளமையைக் கடந்ததுமே மெல்லக் குறையத் தொடங்குகிறது. முதுமையில் அறிவுத்திறன் சோதனைகளில் காணப்படும் சரிவின் பெரும்பகுதிக்கு இந்த வேகக் குறைவே காரணம் என்று டிமதி சால்ட்ஹவுஸ் என்ற உளவியலாளர் 1996இல் விரிவாக வாதிட்டார். ஆனால் எல்லாத் திறன்களும் ஒரே சீராகக் குறைவதில்லை. புதிய சிக்கலை உடனுக்குடன் ஆராயும் திறன் வேறு, வாழ்நாள் முழுவதும் கற்றும் பழகியும் சேர்த்த அறிவு வேறு என்று ரேமண்ட் கேட்டலும் ஜான் ஹார்னும் உளவியலாளர்களாகிய அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். முன்னது முன்னதாகவே சரியத் தொடங்கினாலும், சொல்வளத்தையும் அனுபவ அறிவையும் உள்ளடக்கிய பின்னது அறுபதுகளைத் தாண்டியும் பலரிடம் நிலைத்திருக்கிறது. தெரிந்த பெயர் நுனிநாக்கு வரை வந்து நின்றுவிடுவது முதுமையில் அடிக்கடி நிகழ்வதால் பதில் தாமதமாகிறது; தாமதமாவதால் பதிலே இல்லை என்று பொருளாகாது. உங்கள் தந்தையிடம் பதில் இருந்தது. அது வெளிவருவதற்குத் தேவைப்பட்ட சில நொடிகளை நீங்கள் தரவில்லை.

அவர் ஏன் இப்போது பேசுவதே இல்லை என்பதற்கு வருகிறேன். ஜெர்மானிய உளவியலாளர் மார்கிரெட் பால்ட்டஸ் முதியோர் இல்லங்களில் பராமரிப்பாளர்களும் முதியவர்களும் நடந்துகொள்ளும் விதத்தைப் பல ஆண்டுகள் நேரில் கவனித்துப் பதிவு செய்தார். முதியவர் ஒருவர் தம் வேலையைத் தாமே செய்ய முயலும்போது பெரும்பாலும் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அவரே இயலாதவராக அமர்ந்துகொண்டபோது உடனே ஒருவர் அருகில் வந்து, பேசி, செய்து கொடுத்தார். மற்றொருவரின் அருகாமை வேண்டுமென்றால் இயலாதவராக இருந்தாக வேண்டும் என்பதை அந்த முதியவர்கள் நாளடைவில் கற்றுக்கொண்டார்கள். 1992இல் ஹான்ஸ்-வெர்னர் வாலுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, தம் சொந்த வீடுகளில் வாழும் முதியவர்களிடையேயும் இதே போக்கு இருப்பதைக் காட்டியது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொடுமையானவர்களின் முகம் நினைவுக்கு வருவதில்லை. உங்களைப் போன்ற, அன்பும் அவசரமும் மிகுந்த மகன்களும் மகள்களுமே நினைவுக்கு வருகிறார்கள். “உன் விருப்பம்” என்பது முதுமை தந்த விடை அன்று. தம் விருப்பத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வேறொருவர் முடித்துவிடுவார் என்று கண்டுகொண்ட ஒரு மனிதர், இரண்டு ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடம் அது.

உங்கள் மகளின் அடத்தையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டாம். ஏறக்குறைய ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையிலான காலத்தில் குழந்தையின் முதன்மையான போராட்டம் தன்னாட்சிக்கும், வெட்கம், ஐயம் ஆகியவற்றுக்கும் இடையில் நடக்கிறது என்று எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் 1950இல் எழுதினார். தானே நடக்கவும் உடுத்தவும் மறுக்கவும் குழந்தை முயல்கிறது. அந்த முயற்சி இடைவிடாமல் பறிக்கப்பட்டால், தன்னால் முடியுமா என்ற ஐயம் குடிகொள்கிறது. மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாக அவர் வகுத்தார். அவர் 1994இல் மறைந்த பிறகு, அவருடைய மனைவி ஜோன் எரிக்சன் 1997இல் ஒன்பதாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தார். உடல் தளரும் மிக முதிய வயதில், குழந்தைப் பருவத்தில் கடந்துவந்த அதே போராட்டம் மீண்டும் எதிர்கொள்ளப்படுகிறது என்பது தொண்ணூறுகளில் இருந்த அந்த அம்மையாரின் கருத்து. தம் உடலையும் திறனையும் நம்பலாமா என்ற ஐயம் அப்போது திரும்பி வருகிறது. உங்கள் தந்தை அந்த வயதை இன்னும் எட்டவில்லை. ஆனால் அந்த ஐயத்தை நீங்கள் அவருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டீர்கள். மகள் இன்னும் உங்களை எதிர்த்துக் கத்துகிறாள் என்பதே உங்கள் வீட்டில் நல்ல செய்தி.

மகனைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. வளரிளம் பருவத்தில் ஒருவர் தமக்கென ஓர் அடையாளத்தைத் தேடி அடைவதும் உண்டு, தேடாமலேயே பெற்றோர் கொடுத்ததை ஏற்றுக்கொண்டு நின்றுவிடுவதும் உண்டு என்று உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல் வகைப்படுத்தினார். வெளியே அமைதியாகத் தோன்றும் இந்த இரண்டாம் நிலையைத்தான் “முடிவு செய்து கொடுத்துவிட்டோம்” என்ற சொற்களில் நீங்கள் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் அவன் தானாக முடிவு செய்யக்கூடியதாக மிஞ்சியிருப்பது அவனுடைய அறைக் கதவு ஒன்றுதான்.

மூவர் மீதும் நீங்கள் சொன்ன குறைகளை எடுத்து வைத்துவிட்டுப் பார்த்தால், நான்காவதாக ஒருவர் இருக்கிறார். நடுவயதில் மனிதருக்குத் தாம் பிறருக்குத் தேவைப்பட வேண்டும் என்ற தேவை உண்டாகிறது என்பதை எரிக்சன் தெளிவாகவே எழுதியிருக்கிறார். அது இழிவானது அன்று. அடுத்த தலைமுறை வளர்வதே அதனால்தான். ஆனால் அந்தத் தேவையை நிறைவேற்றிக்கொள்வதற்காகச் சுற்றியுள்ளவர்களை இயலாதவர்களாக வைத்திருக்கும் நிலைக்கு அது நழுவிவிடக் கூடும். ஒருவருக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை என்கிறீர்கள். அவர்கள் செய்ய வேண்டியதை அவர்கள் செய்ய விடவில்லை என்ற குறையை மூவருக்கும் வைத்திருக்கிறீர்கள். உங்கள் களைப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. நான்கு பேரின் வாழ்க்கையை ஒருவர் வாழ்ந்தால் களைப்பு வராமல் என்ன செய்யும்?

முதுமையில் தந்தையை உடன் வைத்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதைச் செய்ததற்காக உங்களைப் பாராட்டவும் மாட்டேன், ஏனெனில் கடமைக்குப் பாராட்டு எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் கூரையும் மருந்தும் கொடுப்பதோடு அந்தக் கடமை முடிவதில்லை. அவருடைய சொல்லுக்கு அந்த வீட்டில் எடை இருக்க வேண்டும். அவர் சொல்வதை ஏற்காதபோதும், அதைக் கேட்ட பிறகே மறுக்க வேண்டும். பெற்றோரைப் பராமரிக்கிறோம் என்ற உரிமையில் அவர்களுடைய வாயை எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் மன்னிப்பதில்லை.

இனிச் செய்ய வேண்டியவை. முதலில் அவருடைய செவித்திறனைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். காது மந்தமானவர்கள் தவறாகப் பதில் சொல்லிவிடுவோமோ என்ற தயக்கத்தில் பேச்சையே விட்டுவிடுவது உண்டு, அதை வீட்டார் மறதி என்றோ பிடிவாதம் என்றோ எண்ணிக்கொள்வதும் உண்டு. அடுத்து, மனச்சோர்வு இருக்கிறதா என்பது முறையாகப் பார்க்கப்பட வேண்டும். முதுமையில் அது அழுகையாக வெளிப்படாமல், பேச்சு குறைவதாகவும் தூக்கம் கெடுவதாகவும் எதிலும் நாட்டமற்றுப் போவதாகவும் வெளிப்படலாம்; சிகிச்சைக்கும் கட்டுப்படும். அதைக் கண்டறியத் தேவையான வாக்குமூலம் அவருடையது. மருத்துவரைச் சந்திப்பதற்கு முன்பே, சென்ற முறை சொன்னது உங்கள் பதில் என்பதைத் தெரிவியுங்கள். அங்கே உங்கள் தந்தை பேசி முடிக்கும்வரை வாய் திறக்காதீர்கள். பழக்கத்தால் அவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார், “நீயே சொல்லம்மா” என்றும் சொல்வார்; அப்போதும் “நீங்களே சொல்லுங்கள் அப்பா” என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். அவர் ஏதேனும் விட்டுவிட்டால், அவர் முன்னிலையிலேயே, அவருடைய அனுமதியோடு பிறகு சேர்த்துச் சொல்லுங்கள்.

மகனுக்கான பாடப்பிரிவை அவனிடம் மீண்டும் கேளுங்கள். நீங்கள் தேர்ந்ததையே அவனும் சொல்லக்கூடும், வேறொன்றைச் சொல்லவும் கூடும். இரண்டையும் கேட்கும் துணிவு உங்களுக்கு இருக்கிறதா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு அவன் அறைக்குச் செல்லுங்கள்.

தந்தைக்குப் பொழுதுபோக்கு தேடித் தராதீர்கள், பொறுப்பு கொடுங்கள். எதை அவர் ஏற்பது, எதை விடுவது என்பதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். முதுமைக் காலத்தில் பியானோ வாசித்துவந்த ஆர்தர் ரூபின்ஸ்டைன், வாசிக்கும் படைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து, அவற்றையே அதிகமாகப் பயின்று, விரைவான பகுதிகளுக்கு முன்னால் வேகத்தைத் தணித்து வாசித்ததை, மார்கிரெட் பால்ட்டஸின் கணவரான உளவியலாளர் பால் பால்ட்டஸ் தம் முதுமை ஆய்வுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டினார். அங்கே எதைக் குறைப்பது என்று முடிவு செய்தவர் ரூபின்ஸ்டைன்தான், அவருடைய பிள்ளைகள் அல்லர். கணக்குத் துறையில் வாழ்நாளைக் கழித்தவர் உங்கள் வீட்டில் அமர்ந்திருக்கிறார். வீட்டின் வரவு செலவுக் கணக்கை அவர் பார்த்துக்கொள்வாரா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் முழுவதையும் ஒப்படையுங்கள். மெதுவாகத்தான் முடிப்பார். எங்கேனும் தவறு நேர்ந்தால் அவரிடமே கேட்டு அவரையே திருத்தச் சொல்லுங்கள். அவர் உறங்கிய பிறகு அமர்ந்து நீங்கள் திருத்தி வைக்காதீர்கள்.