முன்தோலை எடுத்தால் உணர்ச்சி போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 36. பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறோம். நாலு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இப்போது ஒரு வருடமாக ஆணுறுப்பின் முன்தோல் நுனியில் கீறல் கீறலாக வெடித்து ஆறுகிறது, பின்னால் தள்ளவே முடியவில்லை. மனைவியுடன் சேர்ந்தால் வலி உயிர் போகிறது. கோவையில் காட்டினோம், சுன்னத் செய்து தோலை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவரோ, "எடுத்தா உணர்ச்சியே இருக்காது தம்பி, அப்புறம் எந்திரிக்காது" என்கிறார். கேட்டதிலிருந்து தூக்கமே இல்லைங்க டாக்டர். உண்மையா?
பெயர் வேண்டாம், பல்லடம்

பதில்: உங்கள் பயத்தில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன தம்பி. எழுச்சி வேறு, தொடு உணர்ச்சி வேறு.

எழுச்சி என்பது உறுப்பின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற திசுவில் ரத்தம் நிறைவதால் வருவது. அதற்கான நரம்பும் ரத்தக்குழாயும் உள்ளே ஆழத்தில் ஓடுகின்றன, வெட்டி எடுக்கும் தோலில் இல்லை. விந்து வருவதும் குழந்தைப்பேறும் இதனால் கெடாது. கென்யாவின் கிசுமு நகரில் எச்.ஐ.வி. தடுப்புக்காக 18 முதல் 24 வயது வரையான 2,784 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு பாதிப் பேருக்கு மட்டும் உடனே சுன்னத் செய்து இரண்டு வருடம் கவனித்தார்கள். எழுச்சியிலோ விந்து வெளியேறுவதிலோ இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2008-ல் வெளியிட்டார்கள். அது இளவட்டங்களிடம் செய்த ஆய்வு, சர்க்கரை நோயாளிகளிடம் செய்தது இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் எழுச்சியைக் கெடுக்கக்கூடியது சர்க்கரைதான், அதைக் கட்டுப்படுத்தாமல் விட்டுவிட்டு நாளைக்கு ஆபரேஷன் மேல் பழி போடக்கூடாது.

தொடு உணர்ச்சிக்கு வருகிறேன். முன்தோல் சும்மா தொங்கும் தோல் இல்லை. மெல்லிய தொடுதலை நன்றாக உணரக்கூடிய இடம் அது, எடுத்தால் அந்த இடத்து உணர்வு போகத்தான் செய்யும். இதை மறைத்து "ஒன்றுமே ஆகாது" என்று சொல்லும் டாக்டர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் முன்தோலுக்கு உள்ளே இருக்கும் மொட்டுப் பகுதி மரத்துப்போகும் என்பது சரியில்லை. கனடாவில் 62 ஆண்களைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சுன்னத் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் மொட்டில் வித்தியாசம் காணவில்லை. மறுபக்கமும் இருக்கிறது. 2007-ல் வெளியான தென் கொரிய ஆய்வு ஒன்றில், பெரியவர்களாகிச் செய்துகொண்டவர்களில் சுமார் 20 சதவீதம் பேர் தாம்பத்தியச் சுகம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆகவே எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நான் உறுதி கொடுக்க மாட்டேன். நோயே இல்லாதவர் கேட்டிருந்தால் எதற்கு வெட்ட வேண்டும் என்றுதான் கேட்டிருப்பேன். உங்கள் நிலைமை அப்படி இல்லை, இப்போதே ஒவ்வொரு முறையும் வலிக்குப் பயந்து ஒதுங்குகிறீர்கள். வலி போனாலே பாதிச் சுகம் திரும்பிவிடும்.

முதலில் ஏன் வெடிக்கிறது என்று பாருங்கள். சர்க்கரை கலந்த சிறுநீர் தோலுக்கு அடியில் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், அரிக்கும், கீறல் விழும். ஆறும் ஒவ்வொரு கீறலும் தழும்பாகி இன்னும் இறுக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதால் இந்தப் பூஞ்சைத் தொல்லை கூடும். உங்கள் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா? இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பூஞ்சைக்கு மருந்து போட்டு, சர்க்கரையையும் இறக்கி, டாக்டர் தரும் ஸ்டீராய்டு களிம்பை நாலு முதல் எட்டு வாரம் தடவி மெதுவாகத் தள்ளிப் பழகினால் நிறையப் பேருக்குத் தோல் இளகிவிடும். அதைச் செய்து பார்த்தாயிற்றா என்று யூராலஜிஸ்டிடம் (சிறுநீர்ப்பாதை மருத்துவர்) கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நுனித்தோல் வெள்ளை வெள்ளையாகத் தடித்துப் போயிருந்தால் களிம்போடு நிற்காமல் எடுப்பதே நல்லது, எடுத்த தோலைப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

செய்துகொண்டால், முதல் இரண்டு வாரம் மொட்டு ஜட்டியில் பட்டாலே கூசும், பிறகு பழகிவிடும். நாலு முதல் ஆறு வாரம் வரை சேர்க்கை கூடாது. இதை வீட்டில் மறைக்காதீர்கள். ஒதுங்குவது தன்மேல் பிரியம் இல்லாததால் என்று உங்கள் மனைவி நினைத்துக்கொண்டிருக்கலாம், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: என் பையனுக்கு 3 வயது. முன்தோல் பின்னால் போகவில்லை. தினமும் எண்ணெய் விட்டு இழுத்துவிடச் சொல்கிறார் அவன் அமுச்சி (என் அம்மா). செய்யலாமா?
ஒரு தாய், கோபி

பதில்: வேண்டாம்மா. இந்த வயதில் தோல் மொட்டோடு ஒட்டியிருப்பது இயல்பு, வளர வளரத் தானாகப் பிரியும், சிலருக்குப் பருவ வயது வரைகூட ஆகும். இழுத்தால் கிழியும், கிழிந்து தழும்பானால் அப்போதுதான் நிஜமான இறுக்கமே வரும். குளிக்கும்போது வெளியே கழுவினால் போதும். காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று, சிறுநீர் போகும்போது அழுகை, நுனி சிவந்து சீழ் என்று இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பின்னால் இழுத்த தோல் திரும்ப முன்னே வராமல் மாட்டி வீங்கிவிட்டால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும்.