வைரஸ் தொற்று உறுதியான பிறகும் மார்பு எக்ஸ்ரே நார்மலாக வருவது எப்படி?

வரலாம், அதில் முரண் இல்லை. பெரும்பாலான சுவாச வைரஸ் தொற்றுகள் மூக்கு, தொண்டையோடு நின்றுவிடும். நுரையீரல் பாதிக்கப்படாதபோது படத்தில் தெரிய எதுவும் இருக்காது. நுரையீரலுக்கு இறங்கினாலும் முதல் சில நாட்களில் எக்ஸ்ரே அதைத் தவறவிடலாம். சிடி ஸ்கேன் அளவுக்கு அதற்குக் கூர்மை கிடையாது.

எக்ஸ்ரேயில் காற்று கருப்பாகத் தெரியும். காற்றறைகளில் நீரும் அழற்சியும் சேர்ந்தால் அங்கே வெண்மை படரும். வைரஸ் நிமோனியாவில் இது பெரும்பாலும் இரு பக்கமும், பனிமூட்டம் போலத் திட்டுத்திட்டாக இருக்கும். கோவிட்-19-இல் நுரையீரலின் வெளி ஓரங்களிலும் கீழ்ப்பகுதியிலும் அதிகம் காணப்பட்டது. அறிகுறி தொடங்கி ஏறத்தாழ 10 நாட்களுக்குப் பிறகே உச்சத்துக்குப் போனது. நுரையீரலின் ஒரே மடல் (அதன் பெரிய பிரிவுகளில் ஒன்று) முழுக்க அடர்வெள்ளையாக இருந்தால் பாக்டீரியாவைச் சந்தேகிப்பார்கள். ஆனால் படத்தை மட்டும் வைத்து 'இது வைரஸ்தான்' என்று அடித்துச் சொல்ல முடியாது.

மூச்சுத்திணறலோ ஆக்சிஜன் அளவில் சரிவோ இருந்தால், எக்ஸ்ரே நார்மல் என்று வீட்டில் இருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள். குணமான பின்பும் படத்தில் நிழல் சில வாரங்கள் நீடிக்கலாம்.