பெரி கழகமும் கோடைக்காலச் சம்பளமும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் பெரி கால்பந்துக் கழகத்தைப் பற்றிச் சென்ற வாரம் ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். 2019 ஏப்ரலில் நான்காம் அடுக்கான லீக் டூவிலிருந்து மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு ஏறிய அணியை அதே ஆண்டு ஆகஸ்டில் லீகை விட்டே நீக்கிவிட்டார்கள் என்று. படித்ததிலிருந்து மண்டை குடைகிறது. வென்றுகொண்டிருந்த அணிக்கு டிக்கெட் விற்றிருக்குமே, பணம் எங்கே போனது? சம்பளம் தராதபோது நல்ல ஆட்டக்காரர்கள் இருவரை விற்றுத் தந்திருக்கலாமே? ஏற்கெனவே 12 புள்ளி கழித்துத் தண்டித்துவிட்டு மறுபடி வெளியேற்றுவது என்ன நியாயம்? பக்கத்து ஊர் போல்ட்டனும் அதே நிலையில்தான் இருந்தது. அதை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் ‘பரி’ என்று எழுதி அடித்திருந்தீர்கள். ஆங்கில எழுத்தைப் (Bury) பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மான்செஸ்டருக்கு வடக்கே உள்ள அந்த ஊர்க்காரர்கள் ‘பெரி’ என்றுதான் சொல்கிறார்கள்.

டிக்கெட் கணக்கிலிருந்து தொடங்கலாம். அந்த சீசனில் பெரியின் சொந்த மைதானமான கிக் லேனுக்கு ஆட்டத்துக்கு நாலாயிரம் பேர் அளவில் வந்தார்கள். கணக்குக்காகத் தலைக்கு 15 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 20 சதவீத வாட் வரி அடக்கம், ஆகவே கைக்கு வருவது 12.50. ஒரு ஆட்டத்துக்கு 50,000 பவுண்ட். சொந்த மைதானத்தில் 23 லீக் ஆட்டங்கள், மொத்தம் 11.5 லட்சம். காவல்துறைக்கும் ஆம்புலன்ஸுக்கும் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஆட்களுக்கும் போக மிஞ்சுவதுதான் கழகத்துக்கு. சீசன் டிக்கெட் எடுத்தவர்களும் சிறுவர்களும் 15 தருவதில்லை என்பதால் இந்தத் தொகையே தாராளமானது. லீக் பிரித்துத் தரும் பங்கு, விளம்பரப் பலகை, பீர், தின்பண்டம் எல்லாம் சேர்த்தாலும், லீக் டூவில் மேலே ஏறப் பார்க்கும் ஓர் அணியின் சம்பளப் பட்டியலுக்கு அது பற்றாது. மிச்சத்தை முதலாளி தன் பையிலிருந்து போட வேண்டும்.

லீக் டூவில் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. வருவாயில் பாதியை ஒட்டிய விகிதத்துக்கு மேல் ஆட்டக்காரர் சம்பளம் போகக் கூடாது. ஆனால் முதலாளி திரும்பக் கேட்காத பணமாகப் போட்டால் அதுவும் வருவாயில் சேர்ந்துவிடும். ஆக, வரம்பை நிர்ணயித்தது கழகத்தின் வியாபாரம் அல்ல, முதலாளியின் மனநிலை. 2013 முதல் பெரியை நடத்திய ஸ்டூவர்ட் டே சொத்து வியாபாரி. அவருடைய தொழில் ஆட்டம் கண்டதும், 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்பவருக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கழகத்தை விற்றார். அதற்கு முன் பெரியில் ஒரு கழகம் இருப்பதே தனக்குத் தெரியாது என்று டேலே பின்னர் வானொலிப் பேட்டியில் சொன்னார். தன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்ற சான்றை லீகுக்கு முழுமையாகக் காட்டாமலே அவர் பொறுப்பேற்றுவிட்டார். இந்தக் கதையில் லீகின் மன்னிக்க முடியாத தவறு இதுதான் என்பேன். மற்றதெல்லாம் அதன் பின்விளைவு.

அப்படியிருக்க அணி எப்படி வென்றது என்று கேட்பீர்கள். சம்பளப் பட்டியல் முதலாளி மாறுவதற்கு முன்பே எழுதப்பட்டது என்பதுதான் காரணம். பயிற்சியாளர் ரயன் லோ தாக்கி ஆடும் நல்ல அணியைச் சேர்த்திருந்தார். முன்னால் நிக்கி மேனார்ட், நடுவில் டேனி மேயர். 2019 ஏப்ரல் 30 அன்று டிரான்மியர் மைதானத்தில் 1-1 என்று சமன் செய்து மேலே ஏறினார்கள். அந்த லீகில் இரண்டாம் இடம், 79 புள்ளிகள். அதற்கு முன்பே சம்பளம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யும் நீதிமன்றத்தில் நின்றது.

ஒரு சிறு கழகம் பெரும்பாலும் சீசனுக்கு நடுவில் சாவதில்லை, கோடையில்தான் சாகும். காரணம் நாட்காட்டி. கடைசி ஆட்டம் மே தொடக்கத்தில், அடுத்தது ஆகஸ்டில். நடுவே மைதான வருமானம் சுத்தமாகக் கிடையாது. ஆனால் ஆட்டக்காரர் ஒப்பந்தம் ஜூன் 30 வரை ஓடும், அடுத்த ஆண்டும் இருப்பவர்களுக்கு ஜூலைச் சம்பளமும் உண்டு. இந்தக் காலத்தில் கைக்கு வருவது அடுத்த சீசனுக்கான டிக்கெட் பணம் மட்டும். நெருக்கடியில் உள்ள கழகம் அதை வைத்துப் போன சீசனின் கடனை அடைக்கும். நெருக்கடி செய்தித்தாளில் வந்துவிட்டால் அந்த வழியும் அடைபடும். ரசிகர்கள் டிக்கெட் எடுக்கத் தயங்குவார்கள். கார்டு பணத்தைக் கையாளும் நிறுவனமோ, ஆட்டம் நடந்து முடியும்வரை பணத்தைத் தன்னிடமே நிறுத்திவைக்கும். இதற்கிடையே மேலே ஏறியதற்காக ஒப்பந்தத்தில் எழுதிய போனஸ் வேறு. ரசிகர்கள் தெருவில் கொண்டாடும் அதே வாரத்தில் கணக்காளர் மேசையில் புது பில் வந்து விழும்.

வரிப் பாக்கி வருகிற விதமும் இதே போலத்தான். சம்பளத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 22ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கையில் பணம் குறையும்போது கழகங்கள் முதலில் தவறவிடுவது இதைத்தான். ஆட்டக்காரருக்குத் தராவிட்டால் அன்று மாலையே ஊருக்குத் தெரியும், வரித்துறைக்குத் தராவிட்டால் சில மாதம் யாருக்கும் தெரியாது. பிறகு கழகத்தையே கலைக்கக் கோரும் மனு வரும். அது அரசு அறிவிப்பு இதழான ‘தி கெஜட்’டில் விளம்பரமானதும் வங்கிகள் கணக்கை முடக்கிவிடுவது வழக்கம், ஏனென்றால் மனுவுக்குப் பிந்தைய பணப் பரிமாற்றம் பின்னர் செல்லாததாகலாம் என்பது திவால் சட்டம். அந்த நிலையில் பணம் இருந்தாலும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் சம்பளம் போட முடியாது.

ஆட்டக்காரரை விற்கும் யோசனை எல்லோருக்கும் தோன்றுவது. இந்த மட்டத்தில் ஒப்பந்தங்கள் ஓரிரு ஆண்டுகளுக்குத்தான், பலருக்கு அதே ஜூனில் முடிந்துவிடும். 24 வயது நிரம்பியவர் ஒப்பந்தம் முடிந்தால் இலவசமாகப் போகலாம். ஒப்பந்தம் மீதமிருப்பவரும் சம்பளம் வராவிட்டால் எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம். சம்பளத்தை நிறுத்திய கணத்திலேயே கழகம் தன்னிடமிருந்த ஒரே விற்பனைச் சரக்கை இலவசமாக்கிக்கொள்கிறது. பெரியில் அதுதான் நடந்தது. லோ பிளைமவுத் ஆர்கைல் கழகத்துக்குப் போனார். மேயர், பைரன் மூர், டாம் டெல்ஃபோர்ட், வில் எய்ம்சன் எல்லோரும் பின்னாலேயே போனார்கள். அடுத்த சீசனில் பிளைமவுத் லீக் டூவிலிருந்து ஏறியது!

இனி 12 புள்ளி. டேல் தேர்ந்தெடுத்தது சி.வி.ஏ. என்னும் வழி. கடன் கொடுத்தவர்கள் கூடி, மதிப்பின் அடிப்படையில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்புக்கொண்டால், பவுண்டுக்கு இத்தனை பென்ஸ் என்று வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுவது. 2019 ஜூலையில் அது நிறைவேறியது. அடமானம் இல்லாமல் கடன் கொடுத்தவர்களுக்குப் பவுண்டுக்கு 25 பென்ஸ். அன்றைய சட்டப்படி வரித்துறையும் இந்த வரிசையில்தான் நின்றது. 2003இல் பறிபோன அதன் முன்னுரிமை 2020 டிசம்பரில்தான் ஓரளவு திரும்பியது. இன்று அதே ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது கடினம். ஆட்டக்காரர்களுக்கும் பிற கழகங்களுக்கும் உள்ள பாக்கி மட்டும் லீக் விதிப்படி முழுசாகத் தரப்பட வேண்டும். உள்ளூர் பிளம்பருக்குக் கால் பங்கு, ஆட்டக்காரருக்கு முழுப் பங்கு என்ற இந்த விதி எனக்கு எப்போதும் உறுத்தும். 12 புள்ளிக் கழிப்பு இந்த ஒப்பந்தத்துக்கான விலை. கடனைத் தள்ளிவிட்டு மற்றவர்களோடு சமமாக ஓடக் கூடாது என்பதற்காக.

வெளியேற்றம் அந்தக் குற்றத்துக்கான இரண்டாவது தண்டனை அல்ல. சி.வி.ஏ. பழைய கடனைப் பற்றியது. லீக் கேட்டது வருகிற செலவைப் பற்றி: ஒப்பந்தப்படி தர வேண்டிய பணம் எங்கே, சீசன் முழுக்கச் சம்பளம் எங்கிருந்து வரும், ஆதாரத்தைக் காட்டு. டேல் காட்டவில்லை. இன்னொரு முடிச்சும் இருந்தது. சி.வி.ஏ. அடமானக் கடனைத் தொடாது, கிக் லேன் மீதோ பெரிய அடமானம் இருந்தது. வாங்க வருகிறவர் எவரானாலும் அதை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

லீகின் பிடிவாதத்துக்கு ஒரு பழைய பயமும் காரணம். 1992 மார்ச்சில் ஆல்டர்ஷாட் சீசன் நடுவில் மூடியபோது, அது ஆடிய ஆட்டங்கள் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அழிக்க வேண்டியிருந்தது. அதனிடம் தோற்றவருக்கு லாபம், வென்றவருக்கு நஷ்டம். தொடங்கிவிட்டு நடுவில் விழுவதைவிடத் தொடங்காமலே இருப்பது மேல் என்று லீக் நினைத்தது.

ஆகஸ்ட் 3 அன்று எம்.கே. டான்ஸுடன் ஆட வேண்டியது நிறுத்தப்பட்டது. அக்ரிங்டன், கில்லிங்கம் என்று வரிசையாக நின்றன. ஷெஃபீல்டு வென்ஸ்டேயுடனான லீக் கோப்பை ஆட்டம் எதிரணிக்கே கொடுக்கப்பட்டது. 23ஆம் தேதி கெடு, சி அண்ட் என் ஸ்போர்ட்டிங் ரிஸ்க் என்ற நிறுவனம் வாங்கப் போவதாகச் சொல்லவும் 27 மாலை ஐந்து மணிவரை நீட்டினார்கள். அன்று காலை நூற்றுக்கணக்கான ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக வந்து கிக் லேனின் இருக்கைகளைக் கழுவினார்கள், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையில். மாலை கெடுவுக்குச் சற்று முன் அந்த நிறுவனம் விலகியது. இரவு நீக்கம் அறிவிக்கப்பட்டது. 1894 முதல் லீகில் இருந்த கழகம் அது. 1900, 1903 ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையை வென்றது, இரண்டாவதில் டார்பியை 6-0 என்று. 2019-20 சீசனில் லீக் ஒன் 23 கழகங்களோடு ஓடியது, கீழே இறங்கியவை மூன்றே.

போல்ட்டன் தப்பியதில் ரசிகர்கள் பாரபட்சம் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போல்ட்டன் மே மாதமே, திவால் சட்டப்படி நியமிக்கப்படும் நிர்வாகிகளின் கைக்குப் போய்விட்டது. அதற்கும் 12 புள்ளி போனது. ஆனால் பழைய முதலாளிக்குப் பதில், கழகத்தை விற்பதையே வேலையாகக் கொண்ட, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் உள்ளே இருந்தார்கள். பதின்ம வயதுப் பையன்களை இறக்கி கவென்ட்ரியோடு 0-0, டிரான்மியரிடம் 0-5 என்று எப்படியோ ஆட்டங்களை ஓட்டினார்கள். ஆகஸ்ட் 27 அன்று அதற்கு 14 நாள் அவகாசம், மறுநாளே விற்பனை முடிந்தது. பெரியில் சாவி கடைசிவரை டேலிடமே இருந்தது. ஜூனிலேயே நிர்வாகிகளை அழைத்திருந்தால் அதே 12 புள்ளிதான் போயிருக்கும், வாங்க வருகிறவருக்கும் மூன்று மாதம் கிடைத்திருக்கும்.

ஆட்டக்காரர்களுக்கு முழுப் பாக்கி என்ற விதி பெரியில் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விதிக்குப் பலம் தருவது லீகில் இருக்கும் இடம் மட்டுமே. தராவிட்டால் இடம் கிடையாது என்பதே அதன் மிரட்டல். இடமே போன பிறகு மிரட்ட என்ன இருக்கிறது? நிறுவனம் 2020 நவம்பரில் நிர்வாகிகளிடம் போனது.

பிற்பாடு விதி கொஞ்சம் இறுகியது. சம்பளத்தைத் தவறவிட்ட முதலாளியிடம் மாதச் சம்பளத்தில் 125 சதவீதத்தை வைப்பாகக் கட்டச் சொல்லத் தொடங்கினார்கள். கட்டாத விகன், ரெடிங் கழகங்கள் அதற்காகப் புள்ளி இழந்தன. விகன் 2023-24 சீசனை கழித்தல் எட்டில் தொடங்கியது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் தனி ஒழுங்குமுறை ஆணையத்தையும் கொண்டுவந்தது.

உங்களுக்குப் பிடித்த சிறு கழகம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஜூன் மாதம் பொருத்தமானது. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனீஸ் ஹவுஸின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டுக் கணக்கு கெடு தாண்டியும் தாக்கலாகவில்லையா, மைதானத்தின் மீது புதிதாக அடமானம் ஏறியிருக்கிறதா, கணக்கு ஆண்டை அடிக்கடி மாற்றுகிறார்களா என்று பாருங்கள். மூன்றில் அடமானத்தை முதலில் பாருங்கள். முக்கியமாக, மைதானம் கழகத்தின் பேரில் இருக்கிறதா, முதலாளியின் வேறு நிறுவனத்தின் பேரில் இருக்கிறதா என்று.

பெரி ரசிகர்கள் 2022இல் அரசு நிதி பத்து லட்சம் பவுண்ட் உதவியோடு கிக் லேனை வாங்கினார்கள். பிரிந்து கிடந்த இரண்டு ரசிகர் அமைப்புகளும் 2023இல் ஒன்றாகி, அந்த ஆண்டு முதல் அங்கே பெரி என்ற பெயரிலேயே மறுபடி ஆட்டம் நடக்கிறது. ஒன்பதாம் அடுக்கில் தொடங்கினார்கள்.