முதல் உலகப் போர் எங்கே திரும்பியது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

முதல் உலகப் போரின் திருப்புமுனைகள் குறித்து வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற அளவு பதில் எழுதியிருக்கிறேன். நான் படித்து வருவது மேற்கு ஐரோப்பியத் தரைப்போரும், அதற்குச் சோறும் குண்டும் போய்ச் சேர்ந்த வழிகளும்தான். துப்பாக்கி வகை, சீருடை, பதக்கம் ஆகியவற்றைப் பற்றி என்னிடம் கேட்டுப் பயனில்லை. இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. போர் வரைபடத்தில் அம்புக்குறிகளைப் பார்க்கும் முன் தண்டவாளங்களைப் பாருங்கள். "அப்படி நடக்காமல் இருந்திருந்தால்?" என்ற கேள்வியைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

கேள்வி: 1914 செப்டம்பரில் பாரிசுக்கு 50 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவு வரை வந்துவிட்ட ஜெர்மானியர்கள் ஏன் பின்வாங்கினார்கள்?

பதில்: பெல்ஜியம் வழியாக வந்த ஜெர்மன் வலப்புறப் படையின் கடைக்கோடியில் இருந்தது குளுக் தலைமையிலான முதலாம் சேனை. ஆகஸ்டு வெயிலில் நாள்தோறும் சராசரியாக இருபது கிலோமீட்டருக்கு மேல் நடந்து வந்த அந்தச் சேனையிடம் ஏறத்தாழ 84,000 குதிரைகள் இருந்தன. அவற்றுக்குத் தீவனம் கொண்டு வரவே தனி வண்டித்தொடர் வேண்டியிருந்தது. பெல்ஜியர்கள் சுரங்கப்பாதைகளையும் பாலங்களையும் தகர்த்துவிட்டுப் பின்வாங்கியதால், ரயில் வந்து நிற்கக்கூடிய கடைசி இடம் படைக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் பின்னால் கிடந்தது.

பிரெஞ்சுத் தளபதி ஜோஃப்ரின் நிலைமை இதற்கு நேர்மாறானது. பின்வாங்கப் பின்வாங்க அவர் தம் ரயில் சந்திப்புகளை நெருங்கிக்கொண்டிருந்தார். கிழக்கு எல்லையிலிருந்து படைப்பிரிவுகளை ரயிலேற்றிப் பாரிசுக்கு அருகே இறக்கி, மொனூரியின் கீழ் ஆறாம் சேனை என்ற புதிய படையையே உருவாக்கினார். பாரிசுக்குக் கிழக்கே திரும்பிச் சென்ற குளுக்கின் விலாவில் அந்தச் சேனை செப்டம்பர் 5-ஆம் தேதி மோதியது. மார்ன் ஆற்றுச் சண்டை என்பது இதுதான். அதை எதிர்கொள்ளக் குளுக் தம் படைகளை மேற்கே இழுத்தபோது, அவருக்கும் அடுத்திருந்த பூலோவின் இரண்டாம் சேனைக்கும் நடுவே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இடைவெளி விழுந்தது. பிரிட்டிஷ் படையும் பிரெஞ்சு ஐந்தாம் சேனையின் ஒரு பகுதியும் அந்த இடைவெளிக்குள் நுழைந்தன. மிக மெதுவாகத்தான் நுழைந்தன, ஆயினும் நுழைந்தன. லக்சம்பர்க்கில் இருந்த தலைமைத் தளபதி மோல்ட்கே, எழுத்தில் ஆணை எதுவும் கொடுக்காமல் ஹென்ட்ஷ் என்ற லெப்டினன்ட் கர்னலைக் காரில் அனுப்பிவைத்தார். அவர் சேனை சேனையாகச் சென்று பார்த்தபின், செப்டம்பர் 9-ஆம் தேதி பின்வாங்கல் தொடங்கியது. பிரான்சை ஆறே வாரங்களில் முடித்துவிட்டு ரஷ்யாவின் பக்கம் திரும்பலாம் என்ற திட்டம் அங்கே செத்தது.

கேள்வி: பாரிசின் டாக்சிகள்தான் நகரைக் காப்பாற்றின என்று படித்திருக்கிறேன்.

பதில்: டாக்சிகள் சுமந்தது சில ஆயிரம் பேரைத்தான். மற்றவர்கள் ரயிலில் போனார்கள். ரயிலை யாரும் படம் பிடித்துக் கொண்டாடவில்லை.

கேள்வி: ஒரே ஒரு திருப்புமுனையைத்தான் சொல்ல வேண்டும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: 1917 ஜனவரி 9. அன்று பெரிய சண்டை எதுவும் திருப்பிவிடவில்லை. அப்போது ஜெர்மன் தலைமையகம் இருந்த பிளெஸ் கோட்டையில் ஒரு கூட்டம்தான் நடந்தது. பிரிட்டனை நோக்கி வரும் எந்த நாட்டு வணிகக் கப்பலையும் நீர்மூழ்கிகளால் முன்னறிவிப்பின்றி மூழ்கடிக்கலாம் என்று ஜெர்மன் தலைமை அங்கே முடிவு செய்தது. மாதத்துக்கு ஆறு லட்சம் டன் கப்பல்களை மூழ்கடித்தால் ஐந்தே மாதங்களில் பிரிட்டன் பட்டினியால் பணியும் என்பது கடற்படைத் தளபதி ஹோல்ட்சென்டோர்ஃபின் கணக்கு. அமெரிக்கா போருக்கு வருமே என்று அஞ்சிய பிரதமர் பெத்மான் ஹோல்வெக் கடைசியில் தலையசைத்துவிட்டார்.

அந்தக் கணக்கின் முதல் பாதி பலித்தது என்பதை மறந்துவிடுகிறோம். 1917 ஏப்ரலில் மட்டும் எட்டரை லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கியது. கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துப் போர்க்கப்பல் காவலுடன் அனுப்பும் கான்வாய் முறைக்கு அதுவரை பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை இணங்கவில்லை. வாரத்துக்கு 2,500 கப்பல்கள் வருகின்றன, அதே அளவு புறப்படுகின்றன, இத்தனைக்கும் யார் காவல் தருவது என்று வாதிட்டார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையில் கரையோரச் சிறு கலங்களும் அடக்கம். உண்மையில் பெருங்கடலைக் கடந்து வந்தவை வாரத்துக்கு 140 அளவில்தான் இருந்தன. ஓர் இளநிலை அதிகாரி இதை எண்ணிக் காட்டியபின் வாதம் தளர்ந்தது. மே மாதம் ஜிப்ரால்டரிலிருந்து முதல் சோதனைக் கான்வாய் புறப்பட்டது. ஒரு நாட்டின் உயிர் தவறாகக் கூட்டிய ஓர் எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இதற்குள் ஏப்ரல் 6-ஆம் தேதி அமெரிக்கா போரை அறிவித்திருந்தது. அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் ரஷ்யப் பேரரசர் பதவி துறந்திருந்தார். ஜெர்மனி இரண்டு மாதம் பொறுத்திருந்தால், கிழக்கு முனை தானாகவே இடிவதைப் பார்த்து அந்த முடிவையே கைவிட்டிருக்கக்கூடும்.

கேள்வி: "இருந்திருந்தால்" கேள்வி கேட்காதீர்கள் என்று சொன்ன நீங்களே இப்போது "பொறுத்திருந்தால்" என்கிறீர்களே?

பதில்: பிடித்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன், தடை என்னையும் சேர்த்துத்தான்.

கேள்வி: சென்னையைத் தாக்கிய எம்டன் கப்பல் ஒரு திருப்புமுனை ஆகாதா?

பதில்: ஆகாது. 1914 செப்டம்பர் 22 இரவு அது எண்ணெய்த் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பல் அதன் கதையை முடித்தது. போர் திரும்பவில்லை. ஆனால் "அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிமார் வரை சொல்லவைத்த கப்பல் வேறெதுவும் இல்லை.

கேள்வி: அமெரிக்கா வராவிட்டால் நேச நாடுகள் தோற்றிருக்குமா?

பதில்: முன்னுரையைப் படிக்கவும்.

கேள்வி: சோம் சண்டையில் முதல் நாளே பிரிட்டன் 57,470 பேரை இழந்தது. இதை ஏன் நீங்கள் சொல்லவில்லை?

பதில்: 1916 ஜூலை 1-இன் அந்தக் கணக்கில் 19,240 பேர் இறந்தவர்கள். துயரத்தின் அளவு வேறு, திருப்பத்தின் அளவு வேறு என்பதால்தான் அதைத் தனியாகச் சொல்லவில்லை. பிரான்சின் வெர்டனில் அதே ஆண்டு நடந்த நெடுஞ்சண்டையும் சோமும் சேர்ந்து ஜெர்மானியத் தலைமையை மாற்றின. ஆகஸ்டு இறுதியில் ஹிண்டன்பர்க்கும் லூடன்டோர்ஃபும் பொறுப்புக்கு வந்தார்கள். தரையில் வெல்ல வழியில்லை என்று கண்ட அவர்கள்தான் ஜனவரியில் நீர்மூழ்கிகளின் பக்கம் சாய்ந்தார்கள்.

கேள்வி: ஹிட்லர் ரஷ்யாவுக்குள் போனதுதானே உண்மையான திருப்புமுனை?

பதில்: அது அடுத்த போர். இத்துடன் இதே கேள்வி நான்காவது முறையாக வருகிறது.

கேள்வி: ரயில்வே போக்குவரத்துப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளத்தை நீங்கள் மதிப்பது மகிழ்ச்சியே. ஆனால் மார்னில் குளுக்கின் சேனை பட்டினி கிடக்கவில்லை. வயலில் விளைந்ததை எடுத்துத் தின்றது, குண்டுகள் லாரியில் வந்து சேர்ந்தன. பின்வாங்கியது தலைமை குழம்பியதால். அதைப் போய் ரயிலின் கணக்கில் எழுதலாமா?

பதில்: ஐயா, வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது. முதல் பாதியை மறுக்க மாட்டேன். சரக்குப் பற்றாக்குறை அந்தப் பின்வாங்கலின் நேரடிக் காரணம் அன்று. மோல்ட்கே முனைக்கு அருகே இருந்திருந்தால் (மறுபடியும் "இருந்திருந்தால்", மன்னிக்கவும்) வேறு ஆணை பிறந்திருக்கலாம். ஆனால் குழப்பத்தை விளைவித்த இடைவெளி ஏன் விழுந்தது? மொனூரி தாக்கியதால். ஒரு மாதத்துக்கு முன்பு இல்லாத சேனை அவருக்கு எங்கிருந்து வந்தது?

கேள்வி (அதே வாசகர்): ஜெர்மானியரும் ரயிலில் படை மாற்றியவர்கள்தானே? ஆகஸ்டு இறுதியில் இரண்டு படைப்பிரிவுகளை மேற்கிலிருந்து கிழக்குப் பிரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். அவை அங்கே ரஷ்யரோடு நடந்த டானன்பர்க் சண்டைக்கும் போய்ச் சேரவில்லை, மார்னுக்கும் உதவவில்லை. ரயில் இருந்தது, புத்தி இல்லை. வண்டியை ஓட்டுபவன் சரியில்லாவிட்டால் தண்டவாளம் என்ன செய்யும்?

பதில்: இதை நீங்கள் எனக்கு எதிராகச் சொல்கிறீர்கள், நான் எனக்கு ஆதரவாக எடுத்துக்கொள்கிறேன். ரயிலில் ஏறிவிட்ட படை, இறங்கும் வரை எந்தச் சண்டைக்கும் உதவாது. ஆகவே எப்போது ஏற்றுவது என்ற முடிவே சண்டையின் முடிவாகிவிடுகிறது. ஆயினும் ஓட்டுபவனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஜோஃப்ரிடம் ரயிலும் இருந்தது, நிதானமும் இருந்தது என்று என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

1918-க்கு வாருங்கள், அங்கே உங்களுக்கு நான் இவ்வளவு விட்டுத்தர மாட்டேன். மார்ச் 21-ஆம் தேதி லூடன்டோர்ஃப் தொடங்கிய பெருந்தாக்குதல் மூன்றாண்டுகளில் எவரும் காணாத அளவு முன்னேறியது. ஆனால் பிரிட்டிஷ் படையின் உயிர்நாடி அமியேன் ரயில் சந்திப்பு. அதற்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் கிழக்கே அவர் படைகள் நின்றுபோயின. ஏறத்தாழ 2,40,000 பேரை இழந்து அவர் வென்றது வெறும் நிலம், அதிலும் பெரும்பகுதி 1916-இல் பாழாக்கப்பட்ட நிலம். கண்ட இடத்தில் கண்டபடி முன்னேறினாரே தவிர, சந்திப்பைக் குறிவைத்துத் தொடங்கவில்லை.

கேள்வி: அப்படியானால் ஆகஸ்டு 8?

பதில்: அதே அமியேனுக்கு முன்னால், முன்கூட்டிக் குண்டு பொழியாமல், 500-க்கும் மேற்பட்ட டாங்கிகளுடன் நேச நாட்டுப் படைகள் தாக்கிய நாள். "ஜெர்மன் சேனையின் கறுப்பு நாள்" என்று பின்னர் எழுதியவர் லூடன்டோர்ஃபே. அவரை உலுக்கியது இழந்த நிலமன்று. வரிசை வரிசையாகச் சரணடைந்த வீரர்களும், முனைக்கு வந்துகொண்டிருந்த துணைப்படையைப் பார்த்து, "போரை நீட்டிக்க வந்தவர்களே" என்று ஏசிய வீரர்களும்.

ஆயினும் போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது செப்டம்பர் இறுதியில், ஜெர்மனியின் கூட்டாளியான பல்கேரியா விழுந்த நாள்களில்தான். செப்டம்பர் 15-இல் மாசிடோனியாவில் தொடங்கிய தாக்குதலில் பல்கேரிய முனை உடைந்தது. 29-இல் பல்கேரியா போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. பெர்லினிலிருந்து இஸ்தான்புல் செல்லும் ரயில் வழி அறுந்தது. அந்த ஓட்டையை அடைக்க லூடன்டோர்ஃபிடம் படை மிச்சம் இல்லை. பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

கேள்வி: அமெரிக்கப் படைகள் 1918-இல்தானே பெருமளவில் வந்தன? அப்படியானால் அவர்களால் என்ன பயன்?

பதில்: "வராவிட்டால்" என்று கேட்காததற்காகவே பதில் சொல்கிறேன். 1917 ஏப்ரலில் பிரிட்டனிடம் டாலர் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. முதலில் வந்த உதவி கடன்தான். வீரர்கள் பின்னர் வந்தார்கள், போர் முடிகையில் பிரான்சில் ஏறத்தாழ இருபது லட்சம் பேர். அவர்கள் வந்து குவியும் முன் வென்றுவிட வேண்டும் என்ற அவசரமே மார்ச் தாக்குதலின் தேதியைக் குறித்தது.

கேள்வி (ரயில்வே வாசகர்): உங்கள் கட்சிக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். போர்நிறுத்தக் கையெழுத்தும் ரயில் பெட்டியில்தானே நடந்தது?

பதில்: ஆம் ஐயா, நவம்பர் 11 விடியற்காலை, பிரான்சின் கோம்பியேன் காட்டில் நின்ற, நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஃபோஷின் பெட்டியில். ஆனால் பெட்டியைவிட அதில் கையெழுத்தான தாளே எனக்குப் பெரிய சாட்சி. ஜெர்மனி ஒப்படைக்க வேண்டியவற்றில் பீரங்கிகளோடு 5,000 ரயில் எஞ்சின்களும் 1,50,000 பெட்டிகளும் எழுதப்பட்டிருந்தன.